ஐந்து ஆறும் கூடவில்லை ஐயா, நடந்து பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த தஞ்சை வட்டாரப் பயணக் கட்டுரையில், ஐந்து ஆறுகள் வந்து கூடும் இடம் என்பதால் திருவையாறு என்று பெயர் வந்தது என ஒரு வரி இருந்தது. கட்டுரை நன்றாகவே இருந்தது, அசோகா அல்வாவைப் பற்றி எழுதிய பத்தியைப் படித்துவிட்டு எங்கள் ஊர்க்காரனான எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் அந்த ஒரு வரி தவறு. இங்கே ஆறுகள் கூடவில்லை, பிரிந்து போகின்றன.

இதைச் சொல்வதற்கு எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. திருவையாற்றில் வீடு, தஞ்சாவூரில் வேலை என்று 22 வருடம் பஸ்ஸில் போய்வந்தவன் நான். தினம் இரண்டு தடவை அந்த ஐந்து ஆற்றையும் தாண்டியிருக்கிறேன், ஆனால் போகும்போது தூக்கம், வரும்போது கூட்டம். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பேத்தி பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று ஐந்து ஆற்றின் பெயரைக் கேட்டாள். காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு என்று மூன்றோடு நின்றுவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். டிக்கெட் எடுத்துப் போனதே நடந்து வருவதற்குத்தானா என்று வீட்டில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

மொத்தம் 12, 13 கிலோமீட்டர்தான். வழியில் உட்கார்ந்து, டீ குடித்து, கோயில் வாசலில் நின்று வந்தாலும் நான்கு மணி நேரம் போதும்.

முதலில் வருவது வடவாறு. கரந்தையைத் தாண்டுகிற இடத்தில், அதாவது 1911-ல் தமிழ்ச் சங்கம் தொடங்கிய அதே கரந்தையில், வீடுகளுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி ஓடுவதால் இதை யாரும் ஆறு என்றே மதிப்பதில்லை. நானும் இத்தனை வருடம் சாக்கடை வாய்க்கால் என்றுதான் நினைத்திருந்தேன். ஐந்தில் தெற்கே இருப்பது இதுதான், ஆனாலும் பெயர் வடவாறு. தஞ்சாவூர்க்காரர்களுக்கு வடக்கே ஓடுவதால் அவர்கள் வைத்த பெயராக இருக்கும் என்பது என் ஊகம். இந்தச் சின்ன ஆறு போய்த்தான் வடுவூர் ஏரியை நிரப்புகிறது என்று தெரிந்த பிறகு அதன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அப்புறம் கடைகள் குறைந்து பள்ளியக்கிரகாரம் வரும்போது வெண்ணாறு. இங்கே காற்றே மாறிவிடும். வெண்ணாற்றங்கரையில் மூன்று பெருமாள் கோயில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மூன்றும் சேர்ந்து ஒரே திவ்ய தேசம், அதாவது ஆழ்வார்கள் பாடிய தலம், தஞ்சை மாமணிக்கோயில் என்று கணக்கு. பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்த தண்ணீர், செம்மண் நிறத்தில் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. இந்த ஆறுதான் கீழே நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடியும் மூன்றாகப் பிரிகிறது. பஸ்ஸில் இதே பாலத்தைத் தாண்ட எத்தனை வினாடி ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன், ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட இருக்காது.

அடுத்தது வெட்டாறு. பெயரைக் கேட்டால் யாரோ வெட்டிவிட்ட ஆறு போலத் தோன்றும். இது நாகூர் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு மூன்றும் மேற்கே தென்பெரம்பூரில் ஒரே இடத்தில் பிரிந்து வருகிறவை. அந்த வெண்ணாறும் காவிரியும் கல்லணையில் பிரிந்தவை. குடமுருட்டி காவிரியிலிருந்து திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பிரிந்தது. ஆக, ஐந்துமே கல்லணை வரை ஒரே தண்ணீர். அதற்குப் பிறகு சொத்தைப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் கிழக்கே போகின்றன. தெற்கேயிருந்து வடக்கே நடக்கிறவன் வரிசையாக ஒவ்வொரு வீட்டு வாசலையும் தாண்டுகிறான், அவ்வளவுதான். கடலை நெருங்க நெருங்க ஆறு பிரிவதால்தானே இந்த மண்ணில் இத்தனை ஊருக்குத் தண்ணீர் கிடைக்கிறது? எல்லாம் ஓரிடத்தில் கூடியிருந்தால் ஒரே ஓட்டமாகக் கடலுக்குப் போயிருக்கும், நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

(தலபுராணத்தில் ஐயாறுக்கு வேறு விளக்கம் உண்டு, நந்திக்கு அபிஷேகம் ஆன தீர்த்தங்கள் என்று. அதில் நான் தலையிடவில்லை. கட்டுரையாளர் ஆறு என்று எழுதியதால் ஆற்றைப் பற்றித்தான் பேசுகிறேன்.)

அம்மன்பேட்டை தாண்டி இரண்டு பக்கமும் வயல். குறுவை நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது, வரப்பில் கொக்கு, இடையிடையே வாழைக்கொல்லை. ஆனால் இதை ரசித்துக்கொண்டே நடக்கலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சாலை ஓரத்தில் நடப்பவனுக்கென்று ஓரடி இடம் கிடையாது. பாலத்தில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தபோது நான் கைப்பிடிச் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டேன், வேட்டி நுனி காற்றில் பஸ் பக்கம் பறந்ததை இப்போது நினைத்தாலும் பகீர் என்கிறது. யார் பொறுப்பு என்று கேட்டு ஒரு அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பாலம் எங்களுடையதல்ல என்று அங்கே சொல்லி, இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே இன்னும் பதில் வரவில்லை. பாலத்துக்கு ஒரு பக்கமாவது நடைமேடை வைத்தால் நடப்பவர்கள் மட்டுமல்ல, சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் பிழைப்பார்கள்.

கண்டியூரில் கொஞ்சம் உட்கார்ந்தேன். பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கொய்த இடம் இந்த ஊர், சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டத்தில் ஒன்று. அதனால் சிவனுக்கு வந்த சாபத்தைத் தீர்த்து வைத்த பெருமாள் கோயிலும் அதே ஊரில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வழக்கும் தீர்ப்பும் ஒரே ஊரில் முடிந்துவிட்டது, வாய்தாவுக்கு அலைய வேண்டியதில்லை. என் மனுவுக்கும் அப்படி ஒரு வசதி இருந்தால் தேவலை! சித்திரையில் எங்கள் ஊர்ச் சிவன் ஐயாறப்பர் பல்லக்கு ஏழூர் சுற்றி வரும்போது இந்தக் கண்டியூர் வழியாகத்தான் வரும், பின்னால் ஆயிரக்கணக்கில் ஜனம் நடக்கும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நடை ஒன்றும் புதிதல்ல, வருடத்தில் மற்ற நாளில்தான் மறந்துவிட்டோம்.

கண்டியூரில் குடமுருட்டி. கடைசியாகக் காவிரி, அதைத் தாண்டினால் எங்கள் ஊர். கயிலாயத்துக்கு நடந்து, கால் தேய்ந்து, தவழ்ந்து போன அப்பர் அங்கே ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார் என்பார்கள். எனக்கு அந்தக் குறுக்கு வழி கிடைக்காததால் செருப்புக் கடித்த காலோடு புஷ்ய மண்டபப் படித்துறையில் போய் இறங்கி, முழங்கால் வரை தண்ணீரில் விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஐந்தில் அகலமான ஆறு இதுதான் என்று பிள்ளைப் பிராயத்திலிருந்து பழகிய திமிர் எனக்கு உண்டு, அன்றைக்குத்தான் மற்ற நான்கையும் ஆறாகப் பார்த்தேன்.

ஆகவே ஐயா, அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள், "கூடும்" என்பதை எடுத்துவிட்டால் போதும். கட்டுரையாளருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆடியிலிருந்து தை வரை, ஆற்றில் தண்ணீர் இருக்கும்போது வரட்டும். கோடையில் வந்தால் ஐந்து மணல் பள்ளத்தைத்தான் எண்ண முடியும். விடிவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும், ஏழு மணிக்கு மேல் சாலை பஸ்காரர்களுடையது. நானும் கூட வருகிறேன். கண்டியூர் டீ என் செலவு, அசோகா அவர் செலவு.

இப்படிக்கு,
பேத்தியிடம் ஐந்து பெயரையும் ஒப்பித்துவிட்ட ஒரு வாசகன்,
திருவையாறு.