பதில் போட வேண்டாம் என்றவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வயலின் வில்லை மறுபடி கையில் பிடித்துவிட்டேன். நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும், அந்தக் கதைக்குள் போகவில்லை. "இனிமேல் நீங்க வர வேண்டியதில்ல" என்று மருத்துவர் நேற்று சொன்னதிலிருந்து நன்றி சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ராத்திரி பகல் பார்க்காமல் கூடவே இருந்தவர்கள், பணம் திரட்டியவர்கள், என் மாணவர்களைப் பங்கு போட்டுக்கொண்டு வகுப்பெடுத்தவர்கள், ரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர்கள்... உங்கள் கடனை ஒரு மடலில் தீர்க்க முடியாது. ஒவ்வொருவராக நேரில் வந்து பார்ப்பேன். இங்கே ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

அவர் பேஸ் கிடார் வாசிப்பவர். எப்போதோ ஓர் ஒலிப்பதிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், பழக்கம் அதோடு சரி. எல்லோரும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவரிடமிருந்து ஒரு பாட்டும் கூடவே ஒரு செய்தியும் வந்தன. "அக்கா, இதைக் கேளுங்க. பதில் போட வேண்டாம்."

படுத்துக் கிடப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நலம் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் எழுதுவதே தனி வேலை. "பரவாயில்லை, தேறிவிடுவேன்" என்று நாம்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கும். இவர் அந்த வேலையை என் தலையிலிருந்து இறக்கிவிட்டார். கேட்டேனா, பிடித்ததா என்று அப்புறமும் விசாரிக்கவில்லை. சில நாள் கழித்து இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று.

அப்படி வந்ததுதான் தி ரெயின்கோட்ஸ். அனா ட சில்வா, ஜினா பர்ச் என்ற இரண்டு கலைக் கல்லூரி மாணவிகள் 1977-ல் லண்டனில் தொடங்கிய குழு. முதல் இசைத்தட்டு 1979-ல் வந்தது. கீழே தம்பி எழுதியிருந்தார்: "நிர்வானா கர்ட் கோபேன் சொல்லித்தான் எனக்கே தெரியும். வயலினைக் கவனிங்க."

நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் கோபேனைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் கிடாரும் கத்தலும்தான். இத்தனை பெரிய சிபாரிசுக்காரர் என்று தெரியாது. உலகமே தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மற்றவர்களைக் கைகாட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். டேனியல் ஜான்ஸ்டன் என்ற பாடகர் வரைந்த படம் போட்ட சட்டையோடு திரிந்தார். 1993-ல் எம்டிவி அன்பிளக்ட் என்ற தொலைக்காட்சிக் கச்சேரியில் மீட் பப்பெட்ஸ் குழுவின் சகோதரர்களை மேடைக்கே கூப்பிட்டு உட்கார வைத்து அவர்களுடைய மூன்று பாட்டுகளைப் பாடினார். ரெயின்கோட்ஸ் இசைத்தட்டு தேய்ந்துபோக, வேறொன்று கிடைக்குமா என்று லண்டனில் ரஃப் டிரேட் என்ற இசைத்தட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர்கள், ஒரு பழம்பொருள் கடையில் அனா இருப்பார், போய்ப் பாருங்கள் என்று வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை 1992-ல் வந்த நிர்வானாவின் பாட்டுத் தொகுப்பின் உறையில் ஆசை ஆசையாக எழுதினார். ரெயின்கோட்ஸ் 1984-லேயே கலைந்துபோன குழு. அவர் எழுதிய பிறகு பழைய தட்டுகள் மறுபடி வெளிவந்தன, குழுவும் 1994-ல் மேடைக்குத் திரும்பியது.

சரி, வயலினுக்கு வருகிறேன். வாசிப்பவர் விக்கி ஆஸ்பினால். சின்ன வயதிலிருந்து சுருதி சுத்தம், வில் சுத்தம் என்று வளர்ந்த எனக்கு முதல் தடவை கேட்டபோது பல் கூசியது. தந்தியைக் கீறுகிறார், இழுக்கிறார், தாளத்துக்குச் சற்று வெளியே நின்று குறுக்கே பேசுகிறார். குரல்களும் அப்படித்தான், ஒன்று முன்னே போக மற்றது பின்னாலேயே ஓடிவருகிறது. யாரும் யாருக்காகவும் நின்று சரிசெய்வதில்லை. ஆனால் பாட்டு விழவில்லை. ஏன் விழவில்லை என்று பார்க்கவே திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு கட்டத்தில் அது கேள்வியாக இல்லாமல் போய், வெறும் சந்தோஷமாகிவிட்டது.

அப்போது என் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. நீளமான ஒரு வில்லை இழுத்தால் பாதியில் உதறும். நடுக்கம் முழுக்கப் போனால்தான் பெட்டியைத் திறப்பது என்று வைத்திருந்தேன். அந்தத் தட்டைக் கேட்ட பிறகு ஒரு மத்தியானம் திறந்தேன். உதறல் கேட்டது. கேட்கட்டுமே என்று அப்படியே வாசித்தேன். பிசியோதெரபி எனக்குக் கையைத் திருப்பித் தந்தது, அதில் சந்தேகமில்லை. அதை முன்கூட்டியே பயன்படுத்தலாம் என்ற எண்ணம் மட்டும் இந்தப் பெண்களிடமிருந்து வந்தது.

இனி என் வட்டத்தில் யாராவது படுத்தால் நான் நலம் விசாரிக்கப் போவதில்லை. ஒரு பாட்டு வரும், பதில் எதிர்பார்க்க மாட்டேன். யாருக்கு எது பொருந்தும் என்று இப்போதே ஒரு நோட்டில் குறித்துவைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

தம்பி, நீங்கள் அனுப்பியதையெல்லாம் கேட்டேன். யங் மார்பிள் ஜயன்ட்ஸ் குழு இரவுக்கு மட்டும். மீட் பப்பெட்ஸ் என் மகனுக்குப் போய்விட்டது, திரும்பி வராது. தி ஷாக்ஸ் குழுவை மட்டும் என்னால் இன்னும் முழுசாகக் கேட்க முடியவில்லை. கோபேனுக்குப் பிடித்த தட்டாகவே இருக்கட்டும். ஒத்திகைக்கு வாருங்கள், அதைப் பற்றி நேரில் சண்டை போடலாம்.