சிவப்பு மையால் அடிக்கப்பட்ட ஒரு பக்கம் குறித்து

மின்னணுவியல் துறையின் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பள்ளத்தூரில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். என் மகள் உங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சிமுலேஷனை, அதாவது மின்சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் செய்முறையை, கல்லூரி உரிமம் வாங்கிய மென்பொருளில் மட்டுமே செய்யவேண்டும் என்ற விதியைத் தளர்த்துமாறு கேட்கவே எழுதுகிறேன். உரிமம் பத்துக் கணினிகளுக்கு, மாணவர்கள் அறுபது பேர், ஆய்வகத்தைப் பூட்டுவது நாலரை மணிக்கு என்பதெல்லாம் நீங்கள் அறிந்தவையே.

சென்ற வாரம் அவளுடைய ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் சிவப்பு மையால் அடிபட்டு வந்தது. அதில் இருந்தது காமன் எமிட்டர் பெருக்கி, அதாவது ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டு சிறிய சிக்னலைப் பெரிதாக்கும் சுற்று. வீட்டில் கிகேட் என்ற கட்டற்ற மென்பொருளில் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்) சுற்றை வரைந்து, அதற்குள்ளேயே இருக்கும் என்ஜிஸ்பைஸ் என்ற சிமுலேஷன் நிரலில் ஓட்டியபோது பெருக்கம் கணக்கிட்டதைவிட வெகுவாகக் குறைந்து நின்றது. கலெக்டர் மின்னழுத்தமும் ஒட்டவில்லை. இரண்டு இரவுகள் மின்தடைகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள்தான் காரணத்தைப் பிடித்தாள். உலோகக் கூட்டில் வரும் 2என்2222 டிரான்சிஸ்டரில் முதல் கால் எமிட்டர். சிமுலேஷனில் அதற்குப் பதிலாக நிற்கும் ஸ்பைஸ் மாடலோ கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற வரிசையை எதிர்பார்க்கிறது. ஆகவே படத்தில் சரியாக இருந்த டிரான்சிஸ்டர் கணக்கில் தலைகீழாக நின்றிருந்தது. கால்களைப் பொருத்திக் கொடுத்ததும் அலை ஒழுங்காக வந்தது. முப்பது ஆண்டுகளாகச் சால்டரிங் அயர்ன் பிடிக்கும் எனக்கே அது புதுச் செய்தி. இவ்வளவையும் அவள் எழுதியிருந்த பக்கத்தின் குறுக்கே இருந்தது ஒரே வரி: “கல்லூரி மென்பொருளில் எடுத்து வரவும்.”

பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்திலும் நம் பக்கத்தார் கணக்கெழுதிய பெட்டியடிகளில் பேரேட்டின் வரவும் பற்றும் ஒத்துவருகிறதா என்றுதான் பார்த்தார்கள்; மை எந்தக் கடையில் வாங்கியது என்று யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஸ்பைஸ் என்ற சிமுலேஷன் நிரல் 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. என்ஜிஸ்பைஸ் அதன் நேர் வாரிசு. கல்வியில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸி திட்டம் வெளியிடும் இ-சிம் என்ற சுற்று வடிவமைப்பு மென்பொருள், கிகேடையும் என்ஜிஸ்பைஸையும் கொண்டே அமைந்தது. ஐஐடிக்குப் போதுமானது நம் ரெக்கார்டு நோட்டுக்குப் போதவில்லை போலும்.

வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முடிவை மற்றவர் நகலெடுப்பார் என்ற உங்கள் அச்சம் நியாயமானதே. அப்படியானால் சுற்றின் கோப்பையும் சேர்த்து வாங்கி, உங்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். செய்முறைத் தேர்வுக்கு முன்பாவது, கட்டற்ற மென்பொருளில் எடுத்த முடிவுகளையும் ஏற்றுக்கொள்ளுமாறும், அடிக்கப்பட்ட அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தகப்பன்,
பள்ளத்தூர்.