குத்தியும் திறக்காத துளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் லேப்டாப் வாங்குவோருக்கு யோசனை சொல்லும் கட்டுரையைப் படித்தேன். பிராசஸர், ரேம், பேட்டரி என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கியவர், ஸ்பீக்கர் என்று வந்ததும் ‘கீபோர்டின் இருபுறமும் நேர்த்தியான துளைகள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தத் துளைகளில் ஒன்றையாவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றியது. திண்டுக்கல்லில் பதினேழு ஆண்டுகளாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். அந்தத் துளைகளுக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது.

சென்ற மாதம் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் வந்தார். லேப்டாப் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கச்சேரி கேட்டால் பாடகர் போர்வைக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கிறதாம். “தூசி அடைத்திருக்கும் என்று தினமும் சுத்தம் செய்கிறேன், அப்படியும் சரியாகவில்லை” என்றார். எதைக் கொண்டு சுத்தம் செய்தார் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கீபோர்டின் வலப்பக்கத்துப் புள்ளிகளைச் சுற்றி ஊக்கு முனை கீறிய வெள்ளைக் கோடுகள்.

அடிமூடியைக் கழற்றி, ஸ்பீக்கரையும் பேட்டரியையும் எடுத்து வைத்துவிட்டு, கடை விளக்கை அணைத்து உள்ளிருந்து மொபைல் டார்ச்சைப் பிடித்தேன். மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு மட்டும் வெளிச்சம் புள்ளிப் புள்ளியாகக் கசிந்தது. அதுவும் மின்விசிறிக்குக் காற்றுப் போகும் வழி. மீதியெல்லாம் இருட்டு. அவை துளைகளே அல்ல, உலோகத்தில் லேசாகத் தோண்டிய குழிகள். மனிதர் ஒன்றரை வருடமாகச் சுவரைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்பீக்கர் இருந்தது அடிப்பக்கம், முன் விளிம்புக்கு அருகில், தரையைப் பார்த்து. அதன் வாய் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளவு.

“அப்படியானால் இத்தனை ஓட்டைகள் எதற்குத் தம்பி?” என்று கேட்டார். மூக்குக் குத்தாமலே ஒட்டிக்கொள்ளும் மூக்குத்தி இருக்கிறதல்லவா, அதுபோலத்தான் ஐயா என்றேன். சிரிக்கவில்லை.

அவர் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்துத்தான் கேட்பாராம். அடியில் இருக்க வேண்டிய நான்கு ரப்பர் கால்களில் முன்னால் உள்ள இரண்டும் உதிர்ந்திருந்தன. அந்த ரப்பர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரம்தான். அந்தச் சந்து வழியாகத்தான் ஒலி மேசையில் பட்டுத் தெறித்து நம் காதுக்கு வர வேண்டும். சந்தும் போய், கீழே பஞ்சும் இருந்தால் என்ன வரும்? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. நொடிக்கு 100 முறை அதிரும் கனத்த ஒலியின் (100 ஹெர்ட்ஸ்) அலைநீளம் 3.4 மீட்டர். அது எந்த மூலையையும் வளைத்துக்கொண்டு வந்துவிடும். 10,000 ஹெர்ட்ஸ் கீச்சொலிக்கு 3.4 சென்டிமீட்டர்தான். இந்தக் குட்டி அலைகளை மெத்தை அப்படியே விழுங்கிவிடும். ‘ஸ’வின் சீறலும் வயலின் வில்லின் உரசலும் முதலில் காணாமல் போவது அதனால்தான். பேச்சு கேட்கும், சொல் விளங்காது. (மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கனத்த நாதத்தை எந்த லேப்டாப்பிலும் தேட வேண்டாம். ஸ்பீக்கருக்குள் அதிரும் கட்டைவிரல் அகலச் சவ்வு தள்ளுகிற காற்றில் அது எழும்பாது.)

இரண்டு ரப்பர் ஒட்டி, மேசைமேல் வைத்துப் பாட்டுப் போட்டேன். பாடகர் போர்வையை விலக்கிவிட்டு வெளியே வந்தார். வேலைக்கு ஐம்பது ரூபாய் வாங்கினேன்.

இது மலிவு விலைச் சரக்கில் மட்டும் நடக்கிற காரியம் என்று நினைக்க வேண்டாம். 2016இல் ஆப்பிளின் 13 அங்குல மேக்புக் புரோ வந்தபோது புதுக் கருவிகளைப் பிரித்து ஆராய்ந்து எழுதும் ஐஃபிக்ஸிட் குழுவினர் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். கீபோர்டின் இருபுறத்துப் புள்ளிகளில் பெரும்பாலானவை மறுபக்கம்வரை போகவே இல்லை. ஒலி முக்கியமாக ஓரத்துக் காற்றுத் துளைகள் வழியாகத்தான் வெளியே வந்தது. அதே ஆண்டு ஐபோன் 7இல் ஹெட்போன் துளையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்பீக்கர்போலவே ஒரு வரிசைத் துளை வைத்தார்கள். உள்ளே இருந்தது மைக். இரண்டாவது ஸ்பீக்கர் காதில் வைக்கும் பக்கத்தில் இருந்தது.

அந்த மேக்புக்கின் ஒலி நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒலி எங்கிருந்து வந்தால் என்ன, நன்றாக வந்தால் போதாதா என்று கேட்டால் என்னிடம் பெரிய பதில் இல்லை. நிஜத் துளைகளுக்கும் ஒரு விலை இருக்கிறது. மேலே திறந்த சல்லடை வைத்த லேப்டாப்பில் டீ கொட்டினால் அது நேராகச் சவ்வில்தான் இறங்கும். வருடத்துக்கு நாலைந்து அப்படி வருகின்றன, சர்க்கரை காய்ந்து சவ்வு அப்பளம்போல் விறைத்து. துளையைக் குறைத்த வடிவமைப்பாளரை அந்த நாட்களில் நான் திட்டுவதில்லை. என் சண்டை பொய்ப் புள்ளியோடுதான். ஒன்றும் இல்லாத இடத்தில் சமமாக, மொழுமொழுவென்று விட்டிருந்தால் யாரும் ஊக்கை எடுத்திருக்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் நிஜத் துளையையும் குத்திச் சவ்வைக் கிழித்துக்கொண்டு வருபவர்கள் வேறு.

அலுவலகங்களிலிருந்து வரும் லேப்டாப்புகளில் இதற்கு நேர்மாறான கூத்து. மேலே உள்ள வெறும் புள்ளிகளைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அடியில் இருக்கிற நிஜ வாயின்மேல் உடைமை எண் ஸ்டிக்கரை ஒட்டியிருப்பார்கள்.

உங்கள் கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எழுதும்போது லேப்டாப்பை ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். செய்தி வாசிப்பை ஓடவிட்டு, தெரிகிற பிளவுகளை ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள். எதை மூடும்போது வாசிப்பவரின் குரல் அமுங்குகிறதோ அதுதான் ஸ்பீக்கர். அதை ஒரு வரி எழுதுங்கள். தயாரிப்பாளர்களும் கையேட்டுப் படத்தில் அந்த இடத்துக்கு ஓர் அம்புக்குறி போடலாம். பவர் பட்டனுக்கே அம்புக்குறி போடுகிறார்களே!

வங்கி அலுவலர் நேற்று சார்ஜர் வாங்க மறுபடி வந்தார். கீறல் விழுந்த பக்கத்தை மாற்ற முடியுமா என்று கேட்டார். கீபோர்டோடு சேர்த்து மேல்மூடியையே மாற்ற வேண்டும் என்று விலையைச் சொன்னேன். “அது பாட்டுக்குக் கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுது நீக்குபவர்,
திண்டுக்கல்.