தையல் குழு ஆண்டறிக்கை: தைத்ததைவிடப் பிரித்தது அதிகம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் என்ற முறையில் ஆண்டறிக்கை எழுத உட்கார்ந்ததும் கைக்கு முதலில் வந்தது வருகைப் பதிவேடு இல்லை, கோளாறு நோட்டுதான். போன ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆளாளுக்கு "என் மெஷின் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், யாருக்குத் தையல் கெட்டாலும் என்ன கெட்டது, எதைச் செய்து பார்த்தீர்கள், கடைசியில் எது சரிசெய்தது என்று ஒரே நோட்டில் எழுதுங்கள் என முடிவெடுத்தோமே, அந்த நோட்டு. பக்கங்கள் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டன. திட்டமிட்ட வேலைகளில் பாதியைத்தான் முடித்தோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

12 கூட்டங்களில் 11 நடந்தன. ஒன்று மின்சாரம் இல்லாததால் நின்றது. மிதி மெஷின் வைத்திருக்கும் இருவர் மட்டும் "எங்களுக்கு எதற்கு மின்சாரம்" என்று அன்றைக்கும் வந்து தைத்துவிட்டுப் போனார்கள்.

நோட்டில் அதிகம் வந்த புகார் ஒன்றேதான்: துணியின் அடியில் நூல் கூடு கட்டுகிறது. அடியில் தெரிவதால் கீழ்நூல் சுற்றிய பாபின்தான் குற்றவாளி என்று எல்லோரும் அதை மாட்டும் பாபின் கேஸின் குட்டித் திருகைத் திருகிவிடுகிறோம். நானும் ஒரு கூட்டம் முழுக்கத் திருகினேன், பெருமைப்பட ஒன்றுமில்லை. உண்மையில் அடியில் கூடு கட்டினால் தளர்ந்திருப்பது மேல்நூல். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டிய டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராமல் மேலேயே மிதந்துவிடும், அப்புறம் எந்த எண்ணில் டென்ஷனை வைத்தாலும் பயனில்லை. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து கோத்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிட்டது. இதற்கு நேர்மாறாக, பாபின் நூல் மேல்பக்கத்தில் கோடு இழுத்த மாதிரி தெரிந்தால் மேல்நூல் ரொம்ப இறுக்கம் என்று அர்த்தம். பாபின் திருகைத் தொட்டே ஆகவேண்டும் என்றால் அதன் கீறல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் வரைந்து வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். நான் வரைந்து வைக்கவில்லை, அதனால்தான் ஒரு கூட்டம் போனது.

அடுத்தது ஊசி. ஒரே ஊசியை உடையும்வரை ஓட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். சுமார் 8 மணி நேரத் தையலுக்குப் பிறகு முனை மழுங்கத் தொடங்கிவிடும், துணியில் இறங்கும்போது டப் டப் என்று சத்தம் வரும், இடையிடையே தையல் விழாது. உறையில் 90/14 என்று இருந்தால் ஊசித் தண்டின் கனம் 0.9 மி.மீ., அவ்வளவுதான் ரகசியம். மெல்லிய துணிக்கு 70, சாதாரண பருத்திக்கு 80 அல்லது 90, ஜீன்ஸுக்கு 100. பனியன் துணிக்கு மட்டும் முனை உருண்ட ஊசி தனியாக வாங்கத்தான் வேண்டும், கூர்முனை ஊசி இழையையே குத்தி அறுத்து ஓட்டை போட்டுவிடும். பழைய மெஷின் ஒன்றில் ஒரு தையல்கூட விழவில்லை என்று இரண்டு கூட்டம் மண்டையை உடைத்துக்கொண்டோம். புது மெஷினில் போடுவது போலவே ஊசியின் தட்டைப் பக்கத்தைப் பின்னால் திருப்பி மாட்டியிருந்தார்கள், அந்த மெஷினில் நூல் நுழைவதோ பக்கவாட்டில். ஊசியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறதே, நூல் நுழையும் பக்கத்தில் அது இருக்க வேண்டும். எந்த மெஷினுக்கும் இதை நினைவில் வைத்தால் போதும்.

இனி செய்த வேலைகள். முதலில் லைனிங் வைத்த துணிப்பை. ஜோடி ஜோடியாகப் பிரித்துக்கொண்டு, ஒருவர் வெளிப்பை, மற்றவர் லைனிங் என்று அவரவர் மெஷினில் தைத்தோம். எல்லாம் முடிந்து உள்ளே நுழைத்தால் பாதிப் பேரின் லைனிங் பைக்குள் அடங்கவில்லை, சிலருடையது தொளதொளவென்று தொங்கியது. வெட்டியது ஒரே அளவு! பிரஷர் ஃபுட்டின் ஓரம்தான் 1 செ.மீ. என்று எல்லோரும் நம்பித் தைத்திருந்தோம், அளந்து பார்த்தால் ஒவ்வொரு மெஷினிலும் அது ஒவ்வொரு தூரம். பக்கத்துக்கு அரை செ.மீ. பிசகினால் பையின் அகலத்தில் 1 செ.மீ. போய்விடுகிறது. இப்போது எல்லோருமே ஊசியிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து ஊசித் தட்டின் மேல் ஒரு டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். ஒட்டாதவர்கள் ஒட்டிவிடவும்.

அதே பையில் அடிப்பகுதியை அகலப்படுத்தும் மூலைத்தையல் எல்லோருக்கும் பிடித்துப்போனது. பக்கத்தையலும் அடித்தையலும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மூலையைத் தட்டையாக்கி, முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் குறுக்கே தைத்தால் அந்தக் கோடு 10 செ.மீ. நீளம் வரும், பை முன்னிருந்து பின்வரை விரியும் ஆழமும் அதுவே. ஆனால் பையின் அகலத்தில் 10, உயரத்தில் 5 குறையும் என்பதை வெட்டும் முன்னாலேயே கணக்கில் எடுக்க வேண்டும். எடுக்காத ஒருவரின் பை இப்போது பென்சில் டப்பாவாகப் பணியாற்றுகிறது.

குழந்தை கவுனுக்குப் பிரெஞ்ச் தையல் பழகினோம். பிசிறு வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே மூடிவிடும் தையல், பிசிறு வராமல் ஓரமடிக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாதவர்களுக்கு வரப்பிரசாதம். தையலுக்கு 1.5 செ.மீ. விட்டு வெட்டி, துணியின் கெட்ட பக்கங்கள், அதாவது உள்பக்கங்கள், ஒன்றையொன்று பார்க்க வைத்து 9 மி.மீ.யில் முதல் தையல், ஓரத்தை 3 மி.மீ.க்குக் கத்தரிப்பு, புரட்டி இஸ்திரி, பிறகு நல்ல பக்கங்கள் சேர 6 மி.மீ.யில் இரண்டாவது தையல். கெட்ட பக்கம் சேர வேண்டும் என்று நான் மூன்று முறை சொன்னேன், ஆனாலும் கை பழக்கத்தில் நல்ல பக்கத்தைத்தான் சேர்த்தது. அன்றைக்கு அறை முழுக்கப் பிரிக்கும் சத்தம். அப்புறம் ஓரம் கத்தரிக்கும்போது சோம்பேறித்தனம் வேண்டாம், 3 மி.மீ.க்கு மேல் விட்டால் நூல் நூலாக மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

குஷன் உறை, தலையணை உறை எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தன, சொல்ல ஒன்றுமில்லை. பழுதுபார்க்கும் நாளில் ஜீன்ஸ் ஓரம் மடித்தடிக்கும்போது தடித்த மடிப்பில் ஃபுட் ஏறி நின்றுகொண்டு நகர மறுத்தது. ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் அட்டையை மடித்து அதே உயரத்துக்கு முட்டுக்கொடுத்தால் பேசாமல் ஏறி இறங்கிவிடுகிறது. பனியன் ஓரம் அலை அலையாக வந்தவர்களுக்கு: துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள், அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

ஒரு மனக்குறை. குழுவின் பொது மெஷினைப் பழுதுபார்க்கக் கொடுத்தோம், எண்ணெயில் குளிப்பாட்டித் திருப்பித் தந்தார்கள். தெரியாமல் வெள்ளைத் துணியை வைத்துத் தைத்ததில் ஒரு சட்டையின் முன்பக்கம் முழுதும் கறை. எண்ணெய் விட்ட மெஷினில் முதலில் கழிவுத் துணியில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். விடுவதும் ஒரு இடத்துக்கு ஒரு துளி போதும், மெஷின் எண்ணெய் மட்டும், சமையல் எண்ணெய் பிசினாகி இறுகிவிடும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வரும் ஆண்டில் காலர் வைத்த சட்டை, மெஷினில் காஜா. பருத்தித் துணி எடுத்து வருபவர்கள் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். துவைக்காமல் தைத்த ஒரு கவுன், முதல் சலவையிலேயே முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது.

கடைசியாக, குழுவின் பெரிய கத்தரிக்கோல் இரண்டு மாதமாகக் காணவில்லை. எடுத்துப்போனவர் திருப்பி வைத்துவிடவும், பெயர் கேட்க மாட்டோம். அதில் காகிதம் வெட்டியிருந்தால் மட்டும் கோளாறு நோட்டில் எழுதிவிடுங்கள், சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும்.