சூரியனைக் கடலில் இறக்காதீர்கள்

டெல்டா மாவட்டங்களின் புகைப்படக் கலைஞர்களுக்கும், புகைப்படப் போட்டி நடத்துவோருக்கும், நடுவர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் ஒரு கண்காட்சியில் முதல் பரிசு பெற்ற படம் ஒன்றைப் பார்த்தேன். நாகப்பட்டினம் கலங்கரை விளக்கம், பின்னால் கடல், அலைகளுக்கு மேல் பாதி மூழ்கிய செஞ்சூரியன். 'நாகையில் அந்திப்பொழுது' என்று தலைப்பு. பக்கத்தில் நின்ற அக்கரைப்பேட்டை மீனவப் பெரியவர் கூர்ந்து பார்த்துவிட்டு, "இது கேரளாவா தம்பி?" என்று கேட்டார். படத்தில் விளக்கின் நிழல் கடல் பக்கமாக நீண்டு கிடந்தது. சூரியன் இருக்கும் திசையிலேயே நிழல் விழுமா?

கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திலிருந்து கோடியக்கரை வரை நமக்குக் கடல் கிழக்கே. பொழுது சாய்வது நமக்குப் பின்னால், வயல்களுக்கும் பனைகளுக்கும் அப்பால். கணினியில் சூரியனைத் தூக்கிக் கடலில் வைப்பதை மெருகேற்றுவது என்கிறீர்கள். நம் ஊர் அந்தி போதாது என்று சொல்வதாகவே எனக்குப் படுகிறது. அதுதான் வலிக்கிறது.

போதாதா? விளக்குக்கு மேற்கே நின்று கடலைப் பாருங்கள். கடைசி வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து அதன் சுவரில் விழும். பொழுது மறைந்ததும் கடல் விளிம்பிலிருந்து சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று மேலேறும். அதற்கு மேல் இளஞ்சிவப்பு. அந்த நீலம் பூமியின் நிழல், காற்று மண்டலத்தின் மீதே விழும் நிழல். சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதற்குள் விளக்கு மின்னத் தொடங்கியிருக்கும். எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்று எண்ணிக்கொண்டு, அதைவிடக் கூடுதல் நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் ஒளி தப்பாமல் சிக்கும். அந்த இடைவெளி விளக்குக்கு விளக்கு மாறும். எந்த ஊர் விளக்கு என்று கடலில் இருப்பவர் அதை வைத்துத்தான் அறிகிறார்.

பௌர்ணமிக்கு முதல் நாள் கட்டாயம் போங்கள். பௌர்ணமியன்று நிலவு எழும்போது வெயில் ஏறக்குறைய போயிருக்கும். முதல் நாள் என்றால் சுவரில் வெயில் இருக்கும்போதே நிலவு கடலுக்கு மேல் வந்து நிற்கும். மேற்குக் கரையில் கடலைப் பார்த்து நிற்பவருக்கு இந்தக் காட்சி மாலையில் கிடைக்காது. லென்ஸைத் துடைக்க ஒரு துணி மறக்க வேண்டாம், கடற்காற்றில் உப்பு படியும்.

கடலில் இறங்கும் சூரியன்தான் வேண்டுமென்றால் அதற்கும் டெல்டாவில் இடம் உண்டு. கோடியக்கரையில் கரை மேற்கே திரும்புகிறது. மார்கழியில் சூரியன் தென்மேற்காகச் சாய்ந்து பாக் நீரிணைப் பக்கம் இறங்கும்; வானம் திறந்திருந்தால் உண்மையாகவே பார்க்கலாம். வலசைப் பறவைகள் வந்து தங்கும் பருவமும் அதுவே. ஆகவே டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அதே கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கின் இடிபாடு ஒன்று இருந்தது. 2004 சுனாமி அதைச் சாய்த்துவிட்டது. அது எப்படி நின்றது என்று இன்று ஒருவர் அறிய வேண்டுமானால் யாரோ முன்பு எடுத்த படத்தைத்தான் நம்ப வேண்டும். நாம் எடுக்கும் படங்களையும் நாளை ஒருவர் அப்படி நம்பித் தேடுவார். திசை மாறிய படத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

போட்டி நடத்துவோரிடம் என் வேண்டுகோள்: பரிசை அறிவிக்கும் முன் கேமராவில் பதிவான மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டிச் சேர்த்த படங்களுக்கு வேண்டுமானால் தனிப் பிரிவு வையுங்கள், அதைப் படத்தின் அடியிலும் எழுதுங்கள். நடுவர் குழுவில் நம் கரையின் மீனவர் ஒருவரையும் உட்கார வையுங்கள்.

அன்புடன்,
நாகையிலிருந்து ஒரு புகைப்படக்காரர்