சுவாமி எதைத் துறந்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சுவாமி விபுலானந்தரின் நினைவு நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்பு மலரை வாசித்தேன். எட்டுப் பக்கங்களில் ஐந்து, அரசியல்வாதிகளின் அஞ்சலி விளம்பரங்கள். ஒவ்வொன்றிலும் சுவாமியின் படம் தபால் தலை அளவு. அஞ்சலி செலுத்துகிறவரின் படம் அரைப் பக்கம். சரி, பத்திரிகை நடத்தக் காசு வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மிச்சமிருந்த இடத்தில் வந்த கட்டுரையில் இப்படி ஒரு வரி: “துறவு பூண்டபின் கல்விப் பணிகளிலிருந்து விலகி முழுமூச்சாகத் தமிழாராய்ச்சியில் மூழ்கினார்.”

இதை எழுதியவர் மட்டக்களப்புக்கு எப்போதாவது வந்திருக்கிறாரா? கல்லடிப் பாலத்தைத் தாண்டி வந்து யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் போதும், இந்த வரியை எழுதக் கை வந்திருக்காது.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. துறவுக்கு முன் மயில்வாகனமாக இருந்தபோது அவர் லண்டன் பி.எஸ்சி. பட்டதாரி. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனபோது பதவியைத்தான் விட்டார், வேலையை விடவில்லை. 1924இல் சந்நியாசம். அடுத்த வருடமே இலங்கைக்குத் திரும்பி வந்து இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைத் தலையில் தூக்கிக்கொண்டார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் தொடங்கியதும் துறவியாக இருந்தபோதுதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்திலும், பக்கத்துத் திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இவ்வளவும் கல்விப் பணியிலிருந்து விலகியவர் செய்த வேலை!

பழந்தமிழ் இசையை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல் பெரிய நூல்தான். 1947 ஜூனில் அது அரங்கேறியது, ஜூலையில் சுவாமி சமாதியடைந்தார். அந்த உழைப்பை யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவரை ஒரு நூலாசிரியராக மட்டும் ஆக்கிவிட்டால் எல்லோருக்கும் வசதி. புத்தகத்துக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவர் விட்டுப்போன பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வி வராது.

அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன். அறுபதுகளில், அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு, அம்மா என்னை மிஷனின் மாணவர் இல்லத்தில் கொண்டுவந்து விட்டார். அதற்குள் மற்ற உதவி பெறும் பாடசாலைகளோடு மிஷன் பாடசாலைகளையும் அரசாங்கம் எடுத்துவிட்டது. இல்லங்கள் மட்டும் மிஷனிடம் மிஞ்சின. அதாவது படிப்பிக்கும் பெருமை அரசுக்கு, சாப்பாட்டுச் செலவு சுவாமிமாருக்கு.

இல்லத்தில் ஒரு தடித்த கணக்குப் புத்தகம் இருந்தது, சிவப்புத் துணி போட்டுக் கட்டியது. யார் என்ன தந்தாலும் அதில் ஏற வேண்டும். படுவான்கரைப் போடியார், அதாவது பெரிய வயல்காரர் ஒருவர், அறுவடை முடிய நெல் மூட்டை அனுப்புவார். காத்தான்குடி வியாபாரி ஒருவர் மாதாமாதம் பருப்பு அனுப்புவார். தேங்காய் என்றால் எத்தனை, எந்த ஊர், யார் தந்தது என்று பெரிய வகுப்புப் பையன்கள் முறைபோட்டு எழுதுவோம். ஒருநாள் ஒரு பையன் “காத்தான்குடி அன்பர், உப்பு ஒரு மூட்டை” என்று எழுதிவிட்டான். பொறுப்பாக இருந்த சுவாமி வாசித்துப் பார்த்தார். “தந்த ஆளுக்குப் பெயர் இல்லையா, தம்பி?” என்றார். திட்டவில்லை. சைக்கிளைக் கொடுத்து, போய்க் கேட்டுக்கொண்டு வா என்று அந்த வெயிலிலேயே அனுப்பிவிட்டார். பையன் கடை கடையாகக் கேட்டுப் பெயரோடு திரும்பி வந்து, அடித்து எழுதிய பிறகுதான் சாப்பிட்டான். பிற்பாடு நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். கணக்கு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தந்தது அந்தப் புத்தகம்தான், எந்தப் பயிற்சிக் கலாசாலையும் இல்லை.

அதனால்தான் 2004இல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடியும் கல்லடியும் கிடந்த கிடையை நீங்களும் படம் பிடித்துப் போட்டீர்கள், மறுக்கவில்லை. வாரக்கணக்கில் உங்கள் பக்கங்களில் யாருடைய பெயர்கள் வந்தன? வெள்ளை ஜீப்பில் கொடி கட்டி வந்த நிறுவனங்களின் பெயர்கள். மிஷனில் பாத்திரம் கழுவி, பொதி கட்டி, வரிசையில் நின்ற சனத்துக்குப் பங்கிட்ட எங்கள் பையன்களைப் பற்றி ஒரு பந்தி எழுதி அனுப்பினேன். “இடமின்மையால் பிரசுரிக்க முடியவில்லை” என்று பதில் வந்தது. சந்நியாசிகள் ஊடகச் சந்திப்பு வைப்பதில்லை, அதுதான் குற்றம் போல.

இன்னொன்றும் இருக்கிறது. இல்லத்தில் வளர்ந்தோம் என்பதை எங்களில் பலர் வெளியே சொல்லுவதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா? இளவயதில் கொழும்பில் ஒரு பெரிய பாடசாலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். என் முகவரியைப் பார்த்தவர் கோவையை மூடி வைத்துவிட்டு, “சொந்தக்காரர் ஒருவரும் இல்லையா?” என்று கேட்டார். இடம் கிடைக்கவில்லை, அது போகட்டும். அந்தப் பார்வையை இன்றைக்கும் வளர்ப்பது யார்? யாராவது தன் பிறந்த நாளுக்கு ஏதோ ஒரு சிறுவர் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுத்தால், தட்டு ஏந்திய பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரியும்படி உங்கள் பத்திரிகையில் படம் வருகிறது. கொடுப்பவர் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பிள்ளை தட்டைப் பார்க்கிறது. மறுநாள் அதே பிள்ளை வகுப்புக்குப் போக வேண்டும் என்பது உங்கள் படப்பிடிப்பாளருக்குத் தெரியாதா?

எங்கள் பக்கமும் சுத்தம் என்று சொல்லமாட்டேன். பழைய மாணவர் கூட்டங்களில் வளைவு கட்டப் பணம் கேட்டால் வெளிநாட்டிலிருந்தும் வந்து விழும். இல்லத்துப் பையன் ஒருவனின் உயர்தர வகுப்பு ரியூசன் காசுக்குக் கேட்டால் எல்லோருக்கும் தொலைபேசியில் சிக்னல் போய்விடும். சிலைக்குத் திரை நீக்குவது சுகமான வேலை, ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மலரைப் பாடசாலை நூலகங்களில் வெட்டி ஒட்டி வைக்கிறார்கள். கட்டுரைப் போட்டிக்கு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். ஆகவே மேலே சொன்ன வரி தவறு, சுவாமி துறவியான பிறகே மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தினார் என்று ஒரு திருத்தம் போடுங்கள். சிவானந்த வித்தியாலயத்தின் படத்துக்குக் கீழே “சிவபெருமானின் திருநாமம் தாங்கிய” என்று போட்டிருக்கிறீர்கள். அது சுவாமியின் குருவான சுவாமி சிவானந்தரின் பெயர். அதையும் சேர்த்துத் திருத்துங்கள். மூன்று வரி போதும். மரண அறிவித்தல்களுக்கு அடியில் பொடி எழுத்தில் வேண்டாம், கட்டுரை வந்த அளவு எழுத்திலேயே வரட்டும்.

சாப்பாட்டுப் படம் போட்டே ஆகவேண்டும் என்றால் கொடுப்பவரின் முகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கும் அதுதானே தேவை.

மின்னஞ்சலுக்கு உங்களிடம் என்ன பதில் வரும் என்று தெரியும். அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு