உடுக்கை ஓங்கும்போது சிவப்பு விளக்கு எரியக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊர்ப் பெரியவர்களின் பாட்டையும் கதையையும் கைபேசியிலாவது பதிந்து வையுங்கள் என்று சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். நல்ல வேண்டுகோள். அதோடு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்: பதிவாகும் ஒலியின் அளவை, அதாவது லெவலை, குறைத்து வைத்துப் பதியுங்கள்.

காங்கேயம் பக்கத்தில் கேசட் காலத்திலிருந்து ஒலிப்பதிவு செய்கிறவன் நான். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் உடுக்கையடித்துப் பாடிய, பொன்னர் சங்கர் சகோதரர்களின் வீரக் கதையான அண்ணன்மார் கதையைப் பதிந்தேன். அவர் வசனம் பேசிக்கொண்டிருந்தபோதே மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெயினைத் திருகி, லெவலைக் காட்டும் மீட்டர் நன்றாக மேலே ஆடும்படி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நடுச்சாமத்துக்கு மேல், வீரர்கள் மாண்டு விழும் கட்டமான படுகளம் வந்தது. குரல் எழும்பியது, உடுக்கை ஓங்கியது, லெவல் எல்லை மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. கதையில் மூழ்கிக் கிடந்த நான் அதைப் பார்க்கவில்லை. பெரியவர் இப்போது இல்லை. பதிவைக் கேட்ட அவர் மகன், "அன்னைக்கு அய்யனுக்குத் தொண்டை செரியில்லீங்களா?" என்றார். தொண்டைக்கு ஒன்றுமில்லை. நான் வைத்த லெவல்தான் அந்தக் குரலைக் கெடுத்தது.

டிஜிட்டலில் ஒலி எண்களாகப் பதிகிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் 16 இரும இலக்கம் (பிட்) ஒதுக்கும் 16 பிட் பதிவில் மேலே 32,767, கீழே மைனஸ் 32,768. அதைத் தாண்டி எண் கிடையாது. மீட்டரில் 0 டெசிபல் (டெசிபல் ஒலியளவின் அலகு) என்று தெரிவது இந்த உச்சிதான்; அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். அதை மீறி வரும் அலையின் தலையெல்லாம் ஒரே எண்ணாகப் பதிந்து தட்டையாகிவிடும். களத்தில் தானியம் அளக்கும் வள்ளத்தைத் தலை தட்டி அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விளிம்புக்கு மேல் குவிந்தது வழித்த கையோடு போய்விடும். தட்டிய வள்ளத்தைப் பார்த்து எவ்வளவு குவிந்திருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படித் தட்டையான அலை, பாடியவர் குரலில் இல்லாத அதிர்வுகளைப் புதிதாகக் கிளப்பும். நாம் கேட்கும் கரகரப்பு அதுதான். பிறகு வால்யூமைக் குறைத்தால் சத்தம் குறையும், கரகரப்பு போகாது. சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு. முன்பின் எண்களை வைத்துப் போன தலையை ஊகித்து வரைகின்றன. ஒன்றிரண்டு அடிக்கு ஒப்பேறும். ஒரு படுகளம் முழுவதற்கும் ஆகாது.

என்னைப் போன்ற பழைய ஆட்கள் இந்தத் தவறைச் செய்வதற்குக் காரணம் பழக்கம். டேப்பில் அடியில் எப்போதும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் ஓடும். அதை மூழ்கடிக்க லெவலை ஏற்றித்தான் பதிவோம். கொஞ்சம் மீறினாலும் டேப் ஒரேயடியாக வெட்டாது, மெல்ல அமுக்கும். 1965-ல் மானுடவியலாளர் பிரெண்டா பெக் இதே காங்கேயம் வட்டாரத்தில் அண்ணன்மார் கதையை இரவு இரவாகப் பதிந்தது டேப்பில்தான். இன்றைய கருவியில் அந்த இரைச்சலும் இல்லை, அந்தத் தாட்சண்யமும் இல்லை. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல் கணக்கு. 24 பிட்டில் பதிந்தால் உச்சியில் 12 டெசிபல், அதாவது இரண்டு பிட், இடம் விட்டாலும் 22 பிட் மீதி இருக்கிறது. எந்த நஷ்டமும் இல்லை.

ஆகவே தொடங்குமுன், "உச்சத்துல ஒருக்கா பாடிக் காட்டுங்க, உடுக்கையையும் ஓங்கி அடிங்க" என்று பாடுகிறவரிடம் கேளுங்கள். அப்போது மீட்டர் மைனஸ் 12-ஐத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். கூட்டம் கூடி ஆவேசம் வந்தால் இதைவிடச் சத்தமாகத்தான் பாடுவார்கள்; விட்ட இடம் அதற்குத்தான். கைபேசியானால் நாலைந்து அடி தள்ளி வையுங்கள். தானாக லெவல் மாற்றும் வசதியை அணைக்க முடிந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு உடுக்கை அடிக்குப் பின்னும் குரல் அமுங்கி அமுங்கி எழும். இப்போது வரும் 32 பிட் ஃப்ளோட் கருவிகளில் எண்ணுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. ஆனால் மைக்கே திணறினால் அவையும் காப்பாற்றாது.

தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கணினியில் ஒன்றாகச் சேர்க்கும்போதும் கவனம் வேண்டும். குரலும் உடுக்கையும் தனித்தனியே மைனஸ் 3-ல் நின்றாலும், இரண்டின் உச்சமும் ஒன்றாக விழுந்தால் கூட்டுத்தொகை 0-ஐத் தாண்டிவிடும். பேஸை (கனத்த கீழ்ஒலியை) ஏற்றினாலும் இதே கதி. ஒவ்வொன்றையும் இறக்கிவிட்டுக் கலக்குங்கள். சத்தம் போதாவிட்டால் கடைசியில், உச்சம் ஓர் எல்லையைத் தாண்டாமல் பிடிக்கும் லிமிட்டர் போட்டு ஏற்றலாம். அதையும் மைனஸ் 1-லேயே நிறுத்துங்கள். ஏனென்றால் திரும்ப ஒலிக்கும்போது, பதிந்த இரண்டு எண்களுக்கு நடுவில் அலை இன்னும் கொஞ்சம் உயரும், எம்பி3 ஆக மாற்றும்போதும் உயரும்.

மாசியில், அண்ணன்மார் கோயிலுள்ள வீரப்பூர்த் திருவிழாவுக்கு நம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கைபேசியும் கையுமாகப் போவார்கள். அதற்கு முந்தைய இதழிலேயே இந்தக் கடிதத்தை வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர் ஒருவர்,
காங்கேயம்